மேடாகிப்போன பள்ளம்

என் அறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தலைகீழாகத் தொங்குகிறது. அதன் ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. தேதித்தாள்களும் இல்லை, அட்டை மட்டும்தான். அதை அச்சிடச் சொன்ன பள்ளிக்கூடத்தின் பெயர் அடியில் கவிழ்ந்து கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை நிமிர்த்தி மாட்டக் கையை நீட்டுவார்கள். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்பேன். கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்காருவார்கள். வீட்டில் யாரிடமும் காரணம் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அட்டையில் இருப்பது நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பெரும்பள்ளம். மனிதர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு ஒரு விண்கல் வந்து மோதியதில் உண்டான வட்டக் குழி. நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றுவதால் அந்தப் பள்ளத்தைப் பூமியில் நின்று யாரும் பார்த்தது கிடையாது. விண்கலங்கள் எடுத்து அனுப்பிய படங்களில்தான் பார்க்கலாம். யாரோ ஒரு வெளிநாட்டு அறிஞரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அது நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. "சார் பள்ளம்" என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கேலி அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். ஒளியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், "சார், நீங்க வந்து பிழை மட்டும் பாருங்க, போதும்" என்றார். என் வீடு இருக்கும் சூலக்கரையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். போகத் தொடங்கினேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த மாணவர் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்பார். வருகிற வாடிக்கையாளர்களிடம், "எங்க சாரு. சார் பார்த்துட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்பார். அந்த வார்த்தை என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்தக் கதையில் நடந்த தப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பிரிப்பார்கள். அதிலிருந்து மார்கழி வரை யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. இத்தனை ஆயிரம் அட்டைகளில் தலை எது, கால் எது என்று குழப்பம் வராமலிருக்க எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். படத்தின் மாதிரித் தாள் வந்ததும் அதன் முதுகில் நீலப் பென்சிலால் ஓர் அம்பு போட வேண்டும். அம்பு முனை இருக்கும் பக்கம்தான் படத்தின் தலை. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் எழுத்து கோக்கிறவர் கடைப் பெயரை மேலே வைப்பார். அம்பு விழுந்த பிறகு ஒருவரும் படத்தைப் பார்த்து யோசிக்க மாட்டார்கள். சாமி படத்தில் பிரச்சினை இல்லை, முருகன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது யாருக்கும் தெரியும். நிலவில் அப்படித் தெரியாது.

அம்பு போடும் மேஜையில் ஒரு அம்மா இருந்தார். நாற்பது வயது இருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு கிராமம். பதினைந்து வருடம் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தியவர். மருந்து என்றால் அங்கே வெடிமருந்து. அவருடைய அக்கா ஒருநாள் காலையில் ஆலை வேனில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. அன்றோடு இந்த அம்மா மருந்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். இரண்டு வருடம் அலைந்து, யார் யாரையோ பிடித்து, எங்கள் அச்சகத்தில் இந்த மேஜையைப் பிடித்தார். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். இந்த வேலை போனால் மறுபடி மருந்து அறைதான், அவர் ஊரில் வேறு வேலை கிடையாது. இது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

"கையைப் பாருங்க சார்" என்று ஒருநாள் விரித்துக் காட்டினார். "முன்னெல்லாம் எம்புட்டுத் தேச்சாலும் நகக்கண்ணுல வெள்ளிப் பொடி போவாது. இப்பத்தான் சோறு சோறாட்டம் மணக்குது."

அன்றெல்லாம் அவரை நான் 'அவள்' என்றுதான் மனதுக்குள் நினைத்தேன். 'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அதுவும் தாமதம்தான்.

நம் நாட்டு விண்கலம் நிலவில் இறங்கிய ஆண்டு அது. ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர், சாமி படம் வேண்டாம், பெற்றோர்களுக்குக் கொடுக்க நிலவைப் போட்டு ஒரு காலண்டர் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். நான்தான் மறுபக்கத்துப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தேன். அடியில் போட வேண்டிய வரியையும் நானே எழுதினேன்: 'நாம் காணாத பக்கத்தில் ஒரு பெரும்பள்ளம்.' வானத்திலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்த படம். அட்டை முழுக்கப் பள்ளம், வேறு ஒன்றும் கிடையாது.

மாதிரித் தாள் வந்த அன்று முதலாளி ஊரில் இல்லை. தாளாளர் வந்திருந்தார். மேஜையின் ஒரு பக்கம் நாங்கள் இருவர். எதிர்ப்பக்கம் நீலப் பென்சிலோடு அந்த அம்மா.

தாளாளர் படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். படத்தின் மேல் பாதியில் பள்ளத்தின் நிழல் கரிக்கட்டையாகக் கிடந்தது.

"என்ன சார், பள்ளிக்கூடத்துப் பேரு வர்ற இடத்துல இம்புட்டுக் கறுப்பா? தலைமாட்டுல கறுப்பு வந்தா வெளங்குமா? எங்க அம்மா பாத்தாகன்னா காலண்டர வீட்டுல மாட்டவே விடமாட்டாக."

"உங்க பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக் கொடுக்கிறீகளா, இல்லையா?" என்று நான் சிரித்தேன்.

"அது வகுப்புல சார். இது வாசல்ல மாட்டுறது."

எங்கள் ஊர்களில் இது புதிதல்ல. கடைப் பெயருக்கு மேலே கறுப்பு விழுந்தால் ஆர்டரே ரத்தாகும். அவர் போய்விடுவார் என்று தோன்றியது. நான் தாளை எடுத்து அப்படியே சுற்றி, தலையைக் காலாக்கி வைத்தேன்.

"இப்போ கறுப்பு கீழே போச்சா? தேதிக் கட்டு அதை மறைச்சிடும். நிலவுக்கு மேல் ஏது, கீழ் ஏது? விண்வெளியில் தலைகீழ் என்று ஒன்றுமே கிடையாது."

"சார் சார்தான்" என்றார் தாளாளர்.

எதிர்ப்பக்கத்திலிருந்த அம்மா எழுந்து எங்கள் பக்கமாக வந்து நின்று பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய் அங்கிருந்து பார்த்தார். மறுபடி எங்கள் பக்கம் வந்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே. அங்கிட்டு இருந்து பாத்தா இது பணியாரக் குழி. இங்கிட்டு இருந்து பாத்தா பணியாரம்."

தாளாளர் சத்தமாகச் சிரித்தார்.

"சிரிக்காதீக அண்ணாச்சி, நெசந்தான். கீழ பள்ளம்னு எழுதிப்புட்டு மேல பணியாரத்தக் காட்டுனா, படிக்கிறவுக என்னத்த நெனப்பாக?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன அந்த நொடியிலேயே எனக்கும் தெரிந்துவிட்டது. நம் கண்ணுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளிச்சம் எப்போதும் மேலே இருந்துதான் வரும் என்று நம்பும். குழியில் அப்படி வெளிச்சம் விழுந்தால் மேல் ஓரம் இருட்டாகவும் கீழ் ஓரம் பளிச்சென்றும் இருக்கும். படத்தைத் திருப்பினால் பளிச்சென்ற ஓரம் மேலே வந்துவிடும். கண் உடனே அதை மேடு என்று முடிவு கட்டிவிடும். இதை நான் எத்தனையோ வருடம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். எட்டாவது படித்த பெண் ஒருவர் மேஜையைச் சுற்றி இரண்டு நடை நடந்து அதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் என்ன செய்தேன்? அவரை மடக்கினேன்.

"ஏம்மா, பெரிய பள்ளங்களுக்கு நடுவுல ஒரு மேடு எழும்பியிருக்கும். கல் விழுந்த வேகத்துல தரை மறுபடி மேல வரும். அதுதான் உனக்குத் தெரியுது. தெரியாததைப் பேசாத. நீ என்ன அங்க போய்ப் பார்த்துட்டா வந்த?"

நான் சொன்னது பொய்யில்லை. பெரும்பள்ளங்களின் நடுவில் அப்படி ஒரு சிகரம் உண்டு. ஆனால் அது நடுவில் சின்னதாக நிற்கும். பள்ளம் முழுவதையும் மேடாக்காது. எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அவர் சும்மா இருந்திருந்தால் ஒருவேளை நானே பின்னால் திருத்தியிருப்பேன். அவர் சும்மா இருக்கவில்லை.

"நான் போகல சார். நீங்க போய்ட்டு வந்தீகளா?"

தாளாளர் இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார். மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "கேட்டா பாத்தீகளா ஒரு கேள்வி!" என்றார்.

"அம்பைப் போடு" என்றேன்.

"எங்கிட்டு சார்?"

"நான் சொல்ற பக்கம்."

அவர் தாளைக் கவிழ்த்துப் போட்டார். நான் விரலால் காட்டினேன். ஒரு கணம் பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு என் விரல் காட்டிய பக்கம் அம்பு போட்டார்.

காலண்டர்கள் மார்கழியில் பள்ளிக்கூடத்துக்குப் போயின. தை பிறக்குமுன் தாளாளர் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கு வந்துவிட்டார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை முதலாளிக்குப் படித்துக் காட்டினார். 'பள்ளத்தைத் தூர்த்துட்டாங்களா? கான்ட்ராக்டர் யாரு? நம்ம தெருப் பள்ளத்துக்கும் அவரையே அனுப்புங்க' என்று ஒருவர். 'இது நிலாவா, எங்க வீட்டு ஆப்பமா?' என்று இன்னொருவர். பள்ளிக்கூடத்தின் அறிவியல் ஆசிரியையே படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் போட்டோ எடுத்து, 'இப்படிப் பார்த்தால்தான் பள்ளம்' என்று அனுப்பியிருக்கிறார்.

"பேரு போச்சு எனக்கு" என்றார் தாளாளர். "அறிவியல்னு பெருமையாப் போட்டு, அதுலயே சிரிப்பா சிரிக்காக."

முதலாளி கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவிப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"தலை மாறியிருக்கு. அம்பு போட்டது யாரு?"

அந்த அம்மா தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். நான் அங்கேதான் நின்றேன். தாளாளரும் அங்கேதான் நின்றார். கறுப்பு வேண்டாம் என்று சொன்னவர் அவர், திருப்பி வைத்தவன் நான். தாளாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாந்தான் போட்டேன் அண்ணாச்சி. ஆனா சார் சொல்லித்தான்..."

"சாரா?" முதலாளியின் குரல் ஏறியது. "இந்தப் பாடத்த எனக்கே சொல்லிக் குடுத்தவரு அவரு. தப்புப் பண்ணிப்புட்டு சார் மேல தூக்கிப் போடுறியாக்கும்?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

நான் சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அம்பு அந்தம்மா போட்டதுதான்."

ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அம்பு அவர் போட்டதுதான். பிழை திருத்துகிறவன் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தானே பேசுவான். பார்த்துத்தான் பேசினேன்.

தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. முதலாளி, "போகட்டும் சார்" என்றிருப்பார், வேறு அட்டை அடித்துக் கொடுத்திருப்பார். மறுநாளும் எனக்காக எழுந்து நின்றிருப்பார். இழக்க ஒன்றுமில்லாத நான், எல்லாவற்றையும் இழக்கப் போகிறவர் முன்னால் நின்றுகொண்டு, 'நீங்க போய்ட்டு வந்தீகளா' என்ற ஒரு கேள்விக்குப் பழி தீர்த்தேன். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

முதலாளி அவரை வைதுவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பணியாரக் குழியா பணியாரமா என்று பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு நீலப் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் சாயங்காலம் வரை இருந்து பிழை திருத்தினேன்.

அவர் மறுபடி மருந்து அறைக்குப் போய்விட்டார் என்று பைண்டிங்கில் வேலை செய்கிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. நான் மேலும் ஒரு சீசன் முழுக்க அந்த அச்சகத்துக்குப் போய் வந்தேன்.

ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பட்டாசு ஆலையில் விபத்து என்று செய்தி வந்தால், அதுவும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என்றால், மறுநாள் பேப்பர் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே வரை வாசிப்பேன். அவர் பெயர் இல்லை என்றதும் காபி இறங்கும். அந்த நிம்மதியைப் போல வெட்கக்கேடு வேறில்லை. அங்கே வேறு பெயர்கள் இருந்தன.

போன வருடம் ஒருநாள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். அதே பெயர். பக்கத்தில் வயது போட்டிருந்தது. இருபத்து மூன்று. யாரோ ஒரு இளம்பெண். வீட்டில் நான் அழுவதைப் பார்த்து, "தெரிஞ்சவங்களா?" என்று மகன் கேட்டான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். வழக்கம்போல எழுந்து நின்றார். "உட்காருங்க, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் எழுந்திரிக்காதீங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளைய நான் வைய வேற செஞ்சேன்" என்றார். கடைசியில், "வரச் சொல்லுங்க. அதே மேஜை. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். நான் கிளம்பும்போது அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். இருந்தாலும் கவனித்தேன்.

காலண்டர் அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. அதையும் ஒரு நீலப் பென்சிலையும் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பி, சாத்தூரில் மாறி, அவர் ஊரில் இறங்கினேன். ஆலை வேன் வரும் இடத்தில் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். என்ன, இம்புட்டுத் தூரம்?"

"யாருக்கா அது, இன்சூரன்ஸ்காரரா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "என் பேரையும் எழுதிக்கிறச் சொல்லு. நான் போனாலும் என் வீட்டுக்காரருக்கு ஒரு மோட்டார் பைக் மிச்சமாவட்டும்."

"சும்மா கெடடி. எங்க சாரு."

முதலாளி சொல்லும் அதே வார்த்தை. சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் உங்க மேல போட்டேன்." அவரை 'நீங்க' என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முதலாளி சொன்னதையும் சொன்னேன். அதே மேஜை, நாளைக்கே வரலாம் என்றேன்.

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். நகக்கண்களில் வெள்ளிப் பொடி இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் அன்னைக்கே தெரியும் சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க அங்கனதான நின்னீக."

"வந்துடுங்க" என்றேன். "இந்த வேலை வேண்டாம். உங்க அக்கா..."

"அக்காவ ஏன் சார் இழுக்கீக?" குரல் உயரவில்லை. "பயமாத்தான் இருக்கு. ஆனா அங்கன வந்தா மட்டும் என்ன? இங்கன ஒருத்தி கை தவறிச்சுன்னா எல்லாரும் சேந்து போவோம். ஒருத்தி பண்ணுனத இன்னொருத்தி தலையில மட்டும் எறக்கிவைக்க முடியாது."



பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கியதும், பள்ளிக்கூடத்தின் பெயர் தன் பக்கம் வரும்படி ஒரே சுற்றாகத் திருப்பிப் பிடித்தார். கை தானாகச் செய்தது. பக்கத்திலிருந்த பெண்ணுக்குக் காட்டினார்.

"இது என்னன்னு சொல்லு?"

"குழி. பணியாரக் குழி மாதிரி இருக்கு."

"கேட்டீகளா சார்?" என்று சிரித்தார். நன்றாகவே சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அட்டையை வாங்கிக் கவிழ்த்து, நீலப் பென்சிலை அவரிடம் நீட்டினேன். "சரியான பக்கம் அம்பு போடுங்க. நான் மாட்டி வச்சுக்கிறேன்."

அவர் பென்சிலைப் பார்த்தார். வாங்கவில்லை. வேனின் ஹாரன் கேட்டது. பெண்கள் தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"நீங்களே போடுங்க சார்" என்றார். "வெயிலுக்கு முன்னாடி பஸ்ஸப் பிடிங்க. எட்டரைக்கு ஒண்ணு இருக்கு."

வேனில் ஏறி நடுவில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினார் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை. வேன் ஏழாயிரம்பண்ணை ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அட்டையை முழங்காலில் வைத்து, அவர் திருப்பிப் பிடித்த பக்கம் எது என்று நினைவில் வைத்து, என் கையால் அம்பு போட்டேன்.

கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. அதன்படிதான் இப்போது அது சுவரில் தொங்குகிறது. இன்று காலையும் பேப்பர் வந்தது. பட்டியல் எதுவும் இல்லை.